மஞ்சள் தடவிய மூலை

கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி, ஆய்வகக் கருவிக்குள் மிதக்கும் பெப்டைடு என்னும் புரதத் துணுக்கில் பட்டு அதை உடைக்க வேண்டும். ஒரு மாதமாகப் படவேயில்லை. ஒளி எங்கே போய்த் தொலைகிறதென்று செண்பகவல்லிக்கும் புரியவில்லை, ஆய்வை வழிநடத்தும் உமையாள் மேடத்துக்கும் புரியவில்லை. கோயிலுக்கென்று செண்பகம் பையில் வைத்திருந்த தன் கல்யாணப் பத்திரிகை மேடத்தின் கண்ணில் பட்டது.

"மஞ்சள் இந்த ஒளியில மின்னும்மா, குடு குடு!"

"மேடம், அது..."

அதற்குள் அதை வாங்கி ஒளியின் பாதையில் நீட்டிவிட்டார். மஞ்சள் தடவிய மூலை பச்சையாக ஜொலித்தது. ஒளி நூலளவு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியை லேசாக நகர்த்தினார்கள். பெப்டைடு உடைந்தது. துண்டுக்கொன்றாகக் கணினித் திரை முழுக்கக் கோடுகள் முளைத்தன. இருவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

பத்திரிகையின் மூலை கருகியிருந்தது. போனில் அம்மா.

"முதல் பத்திரிகைய குலசாமிக்கு வச்சிட்டியாடி?"

செண்பகம் திரையைப் பார்த்தாள்.

"வச்சாச்சும்மா."