கம்பிக் கதவுக்கு வெளியே

"ஜெபம் பண்ண வந்தவங்களையே வாசல்ல நிறுத்துதியளே, இது நியாயமாக்கா?"

ஞானப்பூ போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் போட்டாள்.

கையில் புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு பை. பின்னால் சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர். எதிரே, பூட்டிய கம்பிக் கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் சுந்தரபாய் டீச்சர். நாற்காலிக்கு அடியில் ஒரு தூக்குச்சட்டி. காவல் காக்கிறவளுக்கு மதியச் சாப்பாடும் ரெடி போல.

"நியாயமோ இல்லியோ, உள்ள விட முடியாது ஞானப்பூ."

"மருமக தூங்குதாளா?"

"முழிச்சுத்தான் இருக்கா."

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். சங்கரன்கோவிலில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பைபிளைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்கிறவள் இந்த டீச்சர். ஊரார் வீட்டுக் கதவெல்லாம் இவளுக்குத் திறக்க வேண்டும், இவள் வீட்டுக் கதவு மட்டும் திறக்காதாம்.

மருமகள் ஜெமிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கரு தங்காமல் போய்விட்டது. இப்போது எட்டாம் மாதம், பிரஷர் வேறு. கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். இப்படியே விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லி, திருநெல்வேலிக்குக் கவுன்சிலிங்குக்குக் கூட்டிப் போனார்கள். போய் வந்த மறுநாளே கதவில் பூட்டு விழுந்தது. தெரு சும்மா இருக்குமா?

"அவளுக்கு மனசு சரியில்லைன்னு வெளிய தெரிஞ்சா உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதான பூட்டி வச்சிருக்கிய?"

சுந்தரபாய் தரையைப் பார்த்தாள்.

"தாயில்லாப் புள்ளைன்னா இளக்காரம். பெத்தவ இருந்தா இப்படிப் பூட்டுவியளா?"

"விடு ஞானப்பூ" என்றாள் பின்னால் நின்றவள்.

"நான் எதுக்கு விடணும்? சபைப் பாஸ்டர் ஐயருகிட்டயே போய்ச் சொல்லுதேன். சாவியக் குடுங்கக்கா."

"சாவி எங்கிட்ட இல்ல."

"பின்ன?"

"ஒண்ணு எம்மவன் பிரபின்கிட்ட. அவன் மதியம் வந்துருவான். இன்னொண்ணு ஜெமிகிட்ட."

ஞானப்பூவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பூட்டுனதே அவதான்" என்றாள் சுந்தரபாய். குரல் இறங்கிவிட்டது. "யாரு வந்து பேசிட்டுப் போனா உனக்கு ரொம்ப அழுகை வருதுன்னு கவுன்சிலிங்ல கேட்டிருக்காவ. ஒவ்வொரு பேராச் சொல்லியிருக்கா. கொஞ்ச நாளைக்கு அவங்க யாரும் வேண்டாம், உனக்கு யாரு வேணுமோ அவங்களுக்கு மட்டும் கதவைத் தொறன்னு சொல்லிட்டாவ."

"அப்படி என்னத்தைப் பேசிட்டாங்களாம்?"

"'ரெண்டு போயிட்டு, இதாவது தங்குமா ஏட்டி'ன்னு ஒரு ஆளு. 'சும்மா அழுதேன்னா புள்ளைக்குத்தான் கேடு, உனக்கு விசுவாசம் பத்தல'ன்னு இன்னொரு ஆளு."

ஞானப்பூ பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். முதலில் சொன்னது அவளே பேசிய பேச்சு. போன மாதம் இதே வீட்டில், ஜெமியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் விட்டுச் சொன்னது. ஆறுதல் சொல்லிவிட்ட நிம்மதியில் அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தாள். இப்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் நல்லதுக்குத்தான்க்கா..."

"எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னோம்."

"அப்ப நீங்க எதுக்கு இந்த வெயில்ல இங்கன இருக்கிய?"

"பிரபின் வர்ற வரைக்கும் ஒரு ஆளு வேணும்லா. உள்ள என்னமும் சத்தம் கேட்டா போன் போடணும்."

"ஊரு உங்களைத்தான கொடுமைக்காரிங்கு. உள்ளதைச் சொல்லிற வேண்டியதுதான?"

"சொன்னா அவளைத் திமிரு பிடிச்சவளும்பாங்க. என்னையச் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

பின்னால் நின்ற இரண்டு பேரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். அவர்களுக்கும் என்னென்ன ஞாபகம் வந்ததோ.

"இப்ப எப்படி இருக்கா?"

"சாப்பிடுதா. ஸ்கேன்ல புள்ளை நல்லா வளருதுன்னுட்டாவ. நேத்து டிவியப் பாத்துச் சிரிச்சாளாம். பிரபின் சொன்னான்."

ஞானப்பூ கிட்டே வந்தாள். இன்னொருத்தியின் பேர் தெரிந்தால் தன் வெட்கம் பாதியாகக் குறையும் என்று ஒரு நப்பாசை.

"அந்த விசுவாசம் பத்தலைன்னு சொன்ன மகராசி யாருக்கா?"

சுந்தரபாய் எழுந்தாள். தூக்குச்சட்டியை எடுத்துக் கம்பிக் கதவை ஒட்டி வைத்தாள். பக்கத்தில் எலுமிச்சம்பழப் பையையும் வாங்கி வைத்தாள். காலிங் பெல்லை ஒரு தடவை அமுக்கிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள்.

"வாங்க, அந்த வேப்ப மரத்துக்குப் பின்னால போயிருவோம்" என்றாள். "நான் நிக்கது தெரிஞ்சா அவ சோத்தை எடுக்க வரமாட்டா."