தட்டிப் பார்த்தவள்

கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டு அவர் இன்னொரு தடவை வாசித்தார்.

மகளின் போன். சீருடையோடு கடைக்கு வந்தவள், பையைக்கூட இறக்காமல் அதைக் கல்லாமேல் வைத்துவிட்டு நின்றாள்.

யாரோ தர்ஷினியாம். அதே பள்ளியாம். ‘நீ எட்டு பி-தானே, நான் சி’ என்று ஆரம்பித்துப் பதினைந்து நாள் பேச்சு. வீட்டு நாய்க்குட்டியின் பெயர் அந்தத் தர்ஷினிக்குத் தெரிந்திருந்தது. டியூஷன் விடும் நேரம் தெரிந்திருந்தது. கடைசியில் போட்டோ கேட்டிருந்தது, நான்கு முறை. வீட்டில் சொல்லாதே என்று இரண்டு முறை.

முப்பது வருடப் பாத்திர வியாபாரம். வந்தவர் வாங்குவாரா, விலை விசாரித்துவிட்டுப் போவாரா என்று செருப்பைக் கழற்றும் விதத்திலேயே சொல்லிவிடுவார்.

திரையை மேலே தள்ளி முதலிலிருந்து படித்தார்.

“அனுப்பிட்டியாம்மா?”

இல்லையென்று தலையாட்டினாள்.

பிறகுதான் மகள் கேட்டிருந்ததைக் கவனித்தார். எதையும் கொடுக்காமல் கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். பி.டி. மாஸ்டர் யார்? தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம்? திங்கட்கிழமை பிரேயரில் மயங்கி விழுந்தது யார்?

ஒன்றுக்கும் நேரான பதில் இல்லை.

விவரமான பெண்கள் அண்டாவை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். கீறல் இருந்தால் சத்தம் சொல்லிவிடும்.

இவள் ஓர் ஆளையே தட்டிப் பார்த்திருக்கிறாள். பதின்மூன்று வயது.

காலையிலேயே வகுப்பு டீச்சரிடம் காட்டிவிட்டாளாம். அப்படி ஒரு பெண்ணே பள்ளியில் இல்லையாம். நாளை புகார் எழுத அப்பாவும் வரவேண்டுமாம்.

எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு. அந்த ஆளுக்கு இவ்வளவும் யார் சொன்னது என்று மட்டும் கேட்டார்.

அவள் பையை இறக்கி வைத்தாள்.

“நான் டி செக்‌ஷன்ப்பா. பி-ன்னு தப்பா எழுதினது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

மிருதுளா பாத்திர மாளிகை. அவள் பெயரில் கடை, அவள் முகத்தோடு கடைக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம். குக்கர் தள்ளுபடிக்கும் தீபாவளி வாழ்த்துக்கும் நடுவே அவள்: பிறந்தநாள் கேக், நாய்க்குட்டி, டியூஷன் வாசல், ‘எட்டு பி மாணவி’ என்று பரிசுக் கோப்பை.

கொள்முதல் விலையை மனைவியிடம்கூடச் சொல்லாத மனிதர்.

தன் போனை எடுத்தார். ஒவ்வொன்றாக அழித்தார்.

கடைசிப் படத்தில் விரல் நின்றது. ஒன்றாம் வகுப்பு முதல் நாள். முன்பல் இல்லாத சிரிப்பு.

இது ஒன்று மட்டும் இருக்கட்டுமே என்பதுபோல அவளைப் பார்த்தார்.

அவள் விரலை மடக்கிக் கல்லாவை ஒரு தடவை தட்டினாள்.

அவர் பேரம் பேசவில்லை.