மத்தியானத்தில் பாடும் மோட்டார்

"கரன்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் புடுங்காதீங்க. போர்டு எரிஞ்சிடும்."

மனைவி சொன்னதும் அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிற மனிதர், எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் பதற மாட்டார். ஆனால் கீழ்வீட்டிலிருந்து அந்த 'டொக் டொக்' கேட்டுவிட்டால் போதும், கை தானாக மோட்டார் ஒயருக்குப் போய்விடும்.

கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்திருப்பது ஒரு நர்ஸ். ராத்திரி டியூட்டி. ஊரே வேலை பார்க்கிற மத்தியானம்தான் பாவம் அந்தப் பெண்ணுக்குத் தூங்குகிற நேரம். மேலே இவர் மனைவியின் மெஷின் ஓடுவதும் அப்போதுதான். ஒரு கம்பை எடுத்துத் தன் வீட்டு சீலிங்கைத் தட்டுவாள் நர்ஸ். இங்கே இவர்கள் காலடியில் தரை அதிரும்.

இவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். ஊசி பிடித்தால் துணியில் பூ பூக்கும், பேனா பிடித்தால் ரோஜா முட்டைக்கோஸாகிவிடும். அந்தக் குறை தீரத்தான், பூ வரைகிற மெஷின் ஒன்றை ஆசை ஆசையாகத் தானே செய்துகொண்டிருந்தாள். ஒரு மரச்சட்டம், ஒரு பேனா, அதைப் பக்கவாட்டில் இழுக்க ஒன்றும் மேலும் கீழும் இழுக்க ஒன்றுமாக, அடி அடியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார்கள், அவற்றை ஆட்டிவைக்க ஒரு போர்டு. அவ்வளவுதான் சமாசாரம்.

ஆரம்பத்தில் மோட்டார் சுற்றவே இல்லை. குளிர்ஜுரம் வந்ததுபோல் நின்ற இடத்திலேயே உதறியது. ஒரு மோட்டாருக்கு நாலு ஒயர், இரண்டிரண்டாக ஜோடி. ஜோடி மாறினால் உதறல்தான். கலரைப் பார்த்து மாட்டியது தப்பாகப் போயிற்று. கரன்டை நிறுத்திவிட்டு, இரண்டு ஒயர் முனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தபடி மோட்டாரின் தண்டை விரலால் திருகிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் அதுகள் ஜோடியில்லை. சுற்றமாட்டேன் என்று முரண்டு பிடித்தால் ஜோடி.

"நம்மள மாதிரியேதான்" என்றார் கணவர்.

ஜோடி சேர்ந்ததும் மோட்டார் பாட ஆரம்பித்துவிட்டது. நேர்க்கோட்டில் தாழ்ந்து முனகும், வளைவில் மெல்ல ஏறும், பிறகு இறங்கும். தூக்கக் கலக்கத்தில் யாரோ பக்கத்து அறையில் ராகம் இழுப்பதுபோல இருக்கும். ஜன்னல் திரை ஊதி அடங்கும். காகிதத்தில் ஒரு கொடி, போய்ச் சேர வேண்டிய இடமே இல்லாததுபோல் படர்ந்துகொண்டே போகும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் இவளுக்கு உடம்பே லேசாகி, எங்கேயோ மிதப்பதுபோல் ஆகிவிடும்.

கொடி முடிந்து மோட்டார் நிற்கும். உடனே கீழேயிருந்து டொக் டொக்.

அதுதான் நின்றுவிட்டதே, அப்புறம் எதற்குத் தட்டுகிறாள் என்று இவள் கேட்டதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. நல்ல தூக்கத்திலிருந்து முழித்து, கட்டிலை விட்டு இறங்கி, கம்பைத் தேடி எடுக்க நேரமாகாதா என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

முந்தின வீட்டுக்காரர் இவர்களைக் காலி செய்யச் சொன்னதே இவள் துளை போட்ட சத்தத்தால்தான். அதனால் அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை அந்தப் பொண்ணு தட்டினா, மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு என்னால மறுபடி வீடு தேட முடியாது."

அவர் சொன்னால் செய்கிற ஆள்.

மறுநாளிலிருந்து நர்ஸ் டியூட்டிக்குப் போன ராத்திரிகளில்தான் மெஷினை ஓட்டிப் பார்த்தாள். பழைய ரப்பர் செருப்பை வெட்டி மோட்டாருக்கு அடியில் வைத்தாள். சத்தம் போகவில்லை. போர்டில் இருந்த குட்டித் திருகாணியைத் திருகி மோட்டாருக்குப் போகிற கரன்டைக் குறைத்தாள். சத்தம் குறைந்தது, கூடவே தெம்பும் குறைந்து பேனா அங்கங்கே தடுக்கி விழுந்தது. பூவுக்கு ஒரு இதழைக் காணோம். மெஷினுக்குக் கரன்ட் கொடுத்துக்கொண்டிருந்த பழைய லேப்டாப் சார்ஜரை எடுத்துவிட்டு நல்ல பவர் சப்ளையாக மாட்டியும் பயனில்லை. கடைசியில் போர்டையே மாற்றினாள். பழைய போர்டு மோட்டாரைத் தத்தித் தத்தி நடக்க வைத்தது. புதியது ஒவ்வொரு அடியையும் பொடிப்பொடியாக நறுக்கி, வழுக்கிக்கொண்டு போக வைக்கும்.

மத்தியானம் வந்ததும் சுவிட்சைப் போட்டாள். ஓடவில்லை என்றே நினைத்தாள். உற்றுப் பார்த்தால் பேனா நகர்ந்துகொண்டிருந்தது, மேகத்தின் நிழல் வயலில் நகர்வதுபோல. கொடி முடிந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். தட்டவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

"பொழைச்சோம்" என்றார் அவர். அந்த வாரம் மெஷினைத் துடைத்து வைத்ததுகூட அவர்தான்.

பிறகு ஒரு மத்தியானம் காலிங்பெல் அடித்தது. வாசலில் நர்ஸ். கலைந்த தலை, ரத்தமாகச் சிவந்த கண். அவர் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எவ்வளவு தொந்தரவு கொடுத்துவிட்டோம், புது போர்டு போட்டாயிற்று, இனி ஜென்மத்துக்கும் சத்தம் வராது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

நர்ஸுக்கு முகம் விழுந்துவிட்டது. அவரை விட்டுவிட்டு இவளிடம் திரும்பினாள்.

"மெஷின் ரிப்பேர்னு நெனச்சு, எப்போ சரியாகும்னு கேக்கத்தாங்க்கா வந்தேன். ராத்திரி முழுக்க வார்டுல மெஷின் சத்தம் ஓடிக்கிட்டிருந்தாதான் பேஷன்ட்டெல்லாம் நல்லா இருக்காங்கன்னு நிம்மதி, நின்னா தூக்கிவாரிப் போட்டுடும். உங்க மெஷின் ஓடுறப்போ நல்லாத் தூங்குவேன், நின்னதும் பதறி முழிச்சுக்குவேன். இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கன்னுதான் ஒவ்வொரு தடவையும் தட்டிப் பார்த்தேன்."