உதட்டின் உட்புறம்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில், ஒரு ஷெட்டுக்குள் நான்கு விசைத்தறிகள் ஒன்றாய் அடிக்கின்றன. டியூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசு மிதக்கிறது. நூல் பற்றிக்கொள்ளும் என்று இங்கே யாரும் பீடி பிடிப்பதில்லை. உதட்டுக்குள் புகையிலையை அடக்கிக்கொள்வார்கள். கோவர்த்தனனும் அப்படித்தான். குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், நூல் மூட்டைமேல், பத்தாவது படிக்கும் மகள் நளினி. மடியில் பள்ளி லைப்ரரியின் தெலுங்குப் புத்தகம், புகையிலையைப் பற்றி அவள் வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியது. விரித்த பக்கத்தில் ஒரு வாயின் படம்; உதட்டின் உட்புறம் வெள்ளைத் திட்டு. அவள் நாக்கு தன் உதட்டுக்குள் அதே இடத்தைத் தடவுகிறது. பல்வலிக்கென்று அப்பாவின் புகையிலைப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை எடுத்தவள், வலி போன பிறகும் விடவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இந்தச் சத்தத்தில் காதருகே கத்தினால்தான் கேட்கும். அந்தத் தைரியத்தில் அவர் முதுகைப் பார்த்துச் சொல்கிறாள்.

“நைனா, நானும் பொகையில போட்டுக்கினு கீறேன்.”

அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொல்கிறாள்.

“வாயில வெள்ளையா வந்துகீது நைனா. பயமா கீது.”

சொல்லும்போதே கரண்ட் போய்த் தறிகள் நின்றுவிடுகின்றன. அவள் குரல் மட்டும் இருட்டில் நிற்கிறது. அவருடைய செல்போன் விளக்கு அவள் முகத்துக்கு வருகிறது.

“எங்க, வாயத் தொற.”

வெகுநேரம் பார்க்கிறார். திட்டவில்லை.

“காலைல திருப்பதிக்குப் போலாம். ஆஸ்பத்திரில காட்டலாம்.”

ஓரமாய்த் துப்பிவிட்டு வந்து, செல்போனை அவள் கையில் கொடுக்கிறார்.

“இப்ப என்னுதப் பாரு.”

உதட்டை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.