பாஸாயிட்டே சாமுண்டி!

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர். உங்களுக்குப் புண்ணியமா போவும்” என்று துளசிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஹில்டா சிஸ்டர் மருந்துப் பெட்டியை மூடினாள். “நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல சார். ஆனா உங்க சம்சாரத்துக்கு மார்ல வந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவி ஆறு மாசம் ஆச்சு. முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோத்துல மறைப்பீங்க?”

துளசிங்கம் சேலையூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பியூன். இருபத்திரண்டு வருஷமாக மணி அடிப்பவர். மணி அடித்துக் கேட்டைச் சாத்திவிட்டால், லேட்டாக வந்த பிள்ளை காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட கறார்ப் பேர்வழிதான் பெண்டாட்டியிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு முழித்தார்.

ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள், அவர் மனைவி சாமுண்டீஸ்வரி, ஆஸ்பத்திரி ஃபைலை விரித்து வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். “செகண்டரின்னு போட்டுகீதே, இன்னாங்க அது?”

அவருக்கு வேலை பார்த்த பள்ளிக்கூடம்தான் கைகொடுத்தது. “அதுவா? முதல்ல வந்தது பிரைமரி. அது முடிஞ்சா செகண்டரிதானே? பாஸாயிட்டே சாமுண்டி!”

“அப்ப ஸ்வீட் வாங்கியாங்க” என்று அவள் சிரித்தாள்.

கேம்ப் ரோட்டில் கால் கிலோ ஜாங்கிரி வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளினார். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

“தெரிஞ்சா உடைஞ்சிடுவா சிஸ்டர். கரப்பான்பூச்சிக்கே கத்துறவ அவ.”

“நோய் முதுகுத்தண்டை அழுத்தி திடீர்னு கால் மரத்துப் போனா என்ன பண்ணுவாங்க? தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துப்பாங்க. உடனே ஓடி வந்தாத்தான் நடையைக் காப்பாத்த முடியும். எதுக்கு ஓடி வரணும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

“அதை என் வாயால எப்படிச் சொல்றது சிஸ்டர்?”

“வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஆஸ்பத்திரி மாடி ரூம்ல பேஷண்டுங்க கூடுவாங்க. எல்லாருக்கும் இதே செகண்டரிதான். அதுல ஒரு அக்கா பாடமே எடுப்பாங்க. வந்து கேளுங்க. அப்புறமும் மறைக்கணும்னா உங்க இஷ்டம்.”

வெள்ளிக்கிழமை வசதியாகத்தான் இருந்தது. வாராவாரம் அன்றைக்கு மத்தியானம் அம்மன் கோவிலுக்குச் சாமுண்டி கிளம்பிவிடுவாள். எங்கே போகிறீர்கள் என்ற கேள்வி வராது. பள்ளியில் பெர்மிஷன் சொல்லிவிட்டு, பஸ் கிடைக்காமல் தவித்து, அவர் மாடிப்படி ஏறும்போது மணி மூன்றே கால்.

உள்ளே கொல்லென்று சிரிப்பு. இத்தனை நோயை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்களே என்று கதவோரம் தயங்கி நின்றார். சிரிப்பு அடங்கியதும் ஒரு குரல் கேட்டது.

“செகண்டரின்னா, நோய் வேற எடத்துக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம். முழுசா போவாது. ஆனா மருந்தால அடக்கி வச்சுகினு வாழலாம், நான் வாழல? டாக்டர் சொல்றது புரியலன்னா மறுபடி கேளுங்க, நான் அப்படித்தான் தெரிஞ்சுகினேன், கூச்சப்படாதீங்க. கால் மரத்தா அப்பவே ஓடியாங்க. வூட்ல மறைக்கிறாங்களேன்னு மட்டும் கோச்சுக்காதீங்க, அவங்க நம்மளவிட பயந்தவங்க. எங்க வூட்டுக்காரரு ‘பாஸாயிட்டே’ன்னு ஜாங்கிரி வாங்கியாந்தாரு, மூஞ்சியெல்லாம் அழுது வீங்கிக் கெடந்துச்சு. அந்த மனுசன் உடைஞ்சிடக் கூடாதேன்னுதான், எப்படியாச்சும் இங்க கூட்டியாங்கன்னு ஹில்டா சிஸ்டர்கிட்ட சொல்லி வச்சேன்.”

கையில் சாக்பீஸோடு திரும்பிய சாமுண்டி, வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தாள்.

“பெல் அடிக்கிற ஆளே லேட்டா வரலாமா? உள்ள வந்து குந்துங்க.”