சுவருக்கு அந்தப் பக்கம்

இந்த வருடமும் அவன் வந்திருந்தான்.

எடிட்டர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையையே வெறித்துப் பார்த்தாள். முன்னால் பிறந்தநாள் கேக், மெழுகுவர்த்தியை ஊதுகிற சின்னப் பெண், கைதட்டும் பிள்ளைகள். பின்னால், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிறச் சட்டையில் ஓர் ஆள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

டிவிடி உறைக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்த கணவன் கத்தரிக்கோலும் கையுமாக வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிற கடை அது. வீட்டு விசேஷங்களை எடுத்த பழைய கேசட்டுகளை வாங்கி, வேண்டாததை வெட்டி, மங்கலைப் போக்கி, பளிச்சென்று டிவிடியாக்கிக் கொடுப்பார்கள்.

"யாரோ தெருவுல போறவன். இதுக்கா கூப்பிட்டே?"

"தெருவுல போறவன் எல்லாப் பிறந்தநாளுக்குமா போவான்?"

அவள் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். குழந்தை தத்தித் தத்தி நடந்த வருடம், முன்பல் விழுந்த வருடம், இரட்டைச் சடை போட்ட வருடம். எல்லாவற்றிலும் அதே ஆள், அதே தொங்கிப்போன இடது தோள். கேசட்டில் அது வெறும் கறை. படத்தைத் தெளிவாக்கியதும்தான் கறைக்குக் கண்ணும் மூக்கும் முளைத்தன.

அவன் கேக்கைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போன மாசம் ஒரு வீடியோவுல வீட்டுக்காரரையே திருடன்னு சொன்னவ நீ. இந்த சிஐடி வேலையை விடு. கஸ்டமர் வர்ற நேரம் ஆச்சு."

"நம்ம வீட்லயும் ஒரு பொண்ணு இருக்குங்க."

கணவன் சிரிப்பை அப்படியே விழுங்கினான்.

இந்தக் கேசட்டுகளைக் கொண்டு வந்த அம்மாவின் முகம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் தவறிவிட்டார், தானும் மகளும் மட்டும்தான் என்றிருந்தார். மகளுக்கு நாளைக்குப் பதினெட்டு முடிகிறது, அதற்குள் வேண்டும் என்று இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார்.

"கேமரா அடிக்கடி குழந்தையை விட்டுட்டு சுவர்ப் பக்கம் போயிடுதே, அதையெல்லாம் வெட்டிடவா?" என்று அன்றைக்கே இவள் கேட்டாள். "வேண்டாம்மா. நான் எடுத்ததுதான், கை பழக்கமில்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. பாவம், எதைப் படம் பிடித்தோம் என்றே தெரியாமல் இத்தனை வருடம் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

கண்ணாடிக் கதவு திறந்தது. அந்த அம்மாதான். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"ரெடியாம்மா?"

"ரெடிதான். ஆனா ஒரு விஷயம் சொல்லணும். பதறாதீங்க."

எடிட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையில் அந்த ஆளைப் பெரிதாக்கி நிறுத்தினாள். வருடம் வருடமாக மாற்றிக் காட்டினாள். முடி கொட்டியது, கன்னம் ஒட்டியது, இடம் மட்டும் மாறவில்லை.

அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு தெளிவா... முகம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. போலீஸ்ல குடுத்தா உடனே பிடிச்சுடுவாங்க. பொண்ணு இப்ப எங்க?"

"காலேஜ்ல."

"போன் பண்ணி அங்கேயே இருக்கச் சொல்லுங்க. தனியா வர வேண்டாம்னு..."

வாக்கியம் பாதியில் அறுந்தது. எடிட்டரின் பார்வை கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போயிருந்தது. எதிர்ச் சாரியில், மருந்துக் கடை ஓரமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரை. ஆனால் தொங்கிப்போன இடது தோள் அதேதான். கண்கள் இந்தக் கடையின் மேலேயே இருந்தன.

"ஏங்க! ஷட்டரை இறக்குங்க!"

கணவன் எதற்கு என்று கேட்கவில்லை. ஓடிப் போய் ஷட்டரைப் பிடித்து இழுத்தான். அது வழக்கம்போலப் பாதியில் சிக்கி நின்றது. எடிட்டர் போனை எடுத்தாள். அவசரத்தில் நம்பர் தப்பாக விழுந்தது. மறுபடி அழுத்தப் போனபோது அந்த அம்மாவின் கை வந்து போனை மூடியது.

"வேண்டாம்மா."

"என்னங்க நீங்க? இவ்வளவு தூரம் பின்னாடியே வந்திருக்கான்!"

அந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார்.

"அம்மா, போகாதீங்க!" எடிட்டர் கத்தினாள். கணவன் கத்தரிக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினான்.

தன்னை நோக்கி வருகிறவரைக் கண்டதும் அந்த ஆள் இரண்டடி பின்வாங்கினார். ஓடப் போகிறவர்போல அக்கம்பக்கம் பார்த்தார். அதற்குள் அந்த அம்மா தெருவைக் கடந்து, அவர் கையை எட்டிப் பிடித்துவிட்டார்.

"வரச் சொன்ன பிறகும் ஏண்ணா எட்டியே நிக்கிறீங்க? உள்ள வாங்க, எங்க கையில குடுத்த உங்க பொண்ணை இன்னைக்குப் படத்துலயாவது கிட்ட இருந்து பாருங்க!"