யார் வீட்டுப் பொண்ணு?

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அந்த ஊசி எதுக்குங்கிறேன்?"

ஜஹானாரா சோபாவில் சரியாக உட்காருவதற்குள் சாவித்திரி கேட்டுவிட்டாள்.

காட்டுப்பாக்கத்தில் அந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த நாளிலிருந்தே கீழ் வீட்டு ஜஹானாராமீது அவளுக்கு ஓர் இளக்காரம். அடுத்தவர் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவள். இன்று அவளே "ஒரு விஷயம் பேசணும்கா" என்று படியேறி வந்து மாட்டியிருக்கிறாள்.

"எந்த ஊசிக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நேத்து கவர்மென்ட் ஆஸ்பத்திரியில உன்னைப் பார்த்ததா எதிர் வீட்டு ஸ்வாதி சொன்னா. கூட ஒரு பொண்ணாம், மூஞ்சி முழுக்க துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு. கர்ப்பப்பை ஊசியைப் பத்தி விசாரிச்சீங்களாமே. உன் பொண்ணு அலீனாவா?"

"அலீனாவுக்குப் பதிமூணு வயசுலயே போட்டாச்சுக்கா. இது வேற பொண்ணு. காலேஜ் படிக்குது."

"காலேஜா? சரிதான்." சாவித்திரி உதட்டைச் சுழித்தாள். "அப்போ எவன்கூடயோ சுத்துதுன்னு அர்த்தம்."

"அப்படியில்லக்கா. கர்ப்பப்பை வாயில புத்துநோய் வராம இருக்கப் போடுறது. வந்தப்புறம் போட்டுப் பிரயோஜனமில்ல. சின்ன வயசுலயே போட்டா ரொம்ப நல்லது, விட்டவங்க இப்பவும் போட்டுக்கலாம்னு டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. அந்தப் பொண்ணு கேட்ட சந்தேகத்துக்கெல்லாம் பதில் சொன்னாங்க."

"அந்த நோய்க் கிருமி ஆம்பளை சகவாசத்தாலதான் பரவும்னு எனக்கும் தெரியும். ஒழுக்கமா இருக்கிறவளுக்கு ஊசி எதுக்கு?"

"நாளைக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடக்கும்ல. வர்றவன் எப்படிப்பட்டவன்னு நமக்கு இப்பவே தெரியுமா?"

சாவித்திரி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அவளுக்கு ஆத்தா அப்பன் இல்லையா? நீ எதுக்குக் கூட்டிட்டுப் போனே?"

"அம்மாகிட்ட சொல்லப் பயப்படுதுக்கா."

"தப்பு பண்ணாதவ எதுக்குப் பயப்படணும்?" சாவித்திரிக்குக் குரல் ஏறியது. "அந்த அம்மாக்காரியைச் சொல்லணும். பொம்பளப் புள்ளையைக் கண்டிச்சு வளர்க்கத் துப்பில்ல. நாள் பூரா போனை நோண்டிக்கிட்டுக் கிடந்திருப்பா. பொண்ணு எங்க போறா, யார்கூடப் போறான்னு தெரிஞ்சிருக்காது. இதெல்லாம் ஒரு குடும்பமா?"

ஜஹானாரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாவித்திரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்தப் பேச்செல்லாம் என் பொண்ணு ரோஷினி காதுல விழக்கூடாதுன்னுதான், அவ கிளாஸுக்குப் போயிருக்கிற நேரத்துலயே உன்கிட்ட கேக்கறேன். நீயும் வயசுப் பொண்ணை வச்சிருக்கே. இந்த மாதிரி ஜென்மங்களை ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டு ஊர் சுத்தாதே. அவளெல்லாம் நம்ம வீட்டு வாசல்லகூட நிக்கக் கூடாது."

ஜஹானாரா எழுந்தாள்.

"அந்தப் பொண்ணும் இதையேதான் சொல்லுச்சுக்கா. 'எங்கம்மாகிட்ட சொன்னா முதல்ல என் நடத்தையைத்தான் பேசுவாங்க'ன்னு அழுதுச்சு. பெத்தவங்க அப்படியெல்லாம் பேச மாட்டாங்கம்மா, நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்னு தைரியம் குடுத்துட்டு வந்தேன்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"ரோஷினி கிளாஸுக்குப் போகலக்கா. கீழ என் வீட்லதான் உக்காந்திருக்கா. அம்மா என்ன சொன்னாங்கன்னு கேப்பா, நான் என்ன சொல்லட்டும்?"